மானுக்கும் எல்க்குக்கும் ஒரே ரைஃபிள்: தோட்டாவையும் குண்டையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதன்முதலாக வேட்டை ரைஃபிள் வாங்கப் போகிறவருக்குக் கடையிலும் நண்பர்கள் மத்தியிலும் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: எல்க்கும் (வட அமெரிக்காவின் பெரிய மான் வகை) சுடுவதாக இருந்தால் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பலமான தோட்டாவுக்கான ரைஃபிளை வாங்கிவிடு, அப்புறம் எதற்கும் கவலையில்லை. இதைக் கேட்காதீர்கள். ராக்கி மலைகளில் மானையும் எல்க்கையும் 300 கெஜத்துக்குள் வீழ்த்த, மிதமாக உதைக்கும் ஒரு தோட்டாவும் அதில் ஒரு நல்ல குண்டும் தாராளமாகப் போதும். தோளில் விழப்போகும் உதையை நினைத்துக் கண்ணை இறுக்கிக்கொண்டு சுடப்படும் மேக்னத்தைவிட அது எவ்வளவோ மேல்.

கொலராடோவை வைத்தே எழுதுகிறேன். அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்தையும்விட அங்கேதான் எல்க் அதிகம், ம்யூல் மானும் அதே மலைகளில் திரிகிறது, ரைஃபிள் பருவங்கள் அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பருக்குள் போகின்றன. வயோமிங், மொன்டானா, ஐடஹோ பக்கம் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், சட்ட எண்கள் மட்டும் மாறும்.

சொற்களில் குழப்பம் வராமல் இருக்க ஒன்று: இங்கே தோட்டா என்றால் பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர், மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு என்றால் பேரலை விட்டுப் பறந்து போகும் பகுதி மட்டும்.

முதலில் சட்டம்

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். அப்படிப்பட்ட விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. நண்பரின் ரைஃபிளை ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானத்தில்) வாங்கி நாலு தோட்டா சுட்டுப் பார்ப்பதும் வைத்திருப்பது என்ற கணக்கில் வரும், ஆகவே உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள், தவறினால் போவது விசா.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்தால்தான் கொலராடோவில் உரிமமே வாங்க முடியும். மான் உரிமம் குலுக்கலில் வருவது, ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், எனவே அக்டோபரில் போக ஆசைப்பட்டால் குளிர்காலத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். தோட்டாவைப் பற்றிய விதிகள் எளிமையானவை: குண்டின் விட்டம் குறைந்தது .24 அங்குலம், எடை மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன் (குண்டை நிறுக்கும் சிறிய எடை அலகு), எல்க்குக்கு 85 கிரெய்ன், 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல், உடலுக்குள் போனதும் விரியும் வகைக் குண்டு. ராணுவ உபரியாக மலிவாகக் கிடைக்கும் முழு உறைக் குண்டுகள் வேட்டைக்கு உதவாது, அவை விரியாமல் ஊசித் துளை போட்டுவிட்டுப் போய்விடும், விலங்கு எங்கோ போய் மெதுவாகச் சாகும்.

இந்தச் சட்ட அளவு வெறும் வாசற்படிதான். .243 வின்செஸ்டர் என்ற சிறிய தோட்டாவில் எல்க் சுடுவது கொலராடோவில் குற்றமில்லை, ஆனாலும் புதியவர் ஒருவர் அதைச் செய்யக்கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

எதைச் சுடப்போகிறோம்

வளர்ந்த ஆண் ம்யூல் மான் பெரும்பாலும் 70 முதல் 110 கிலோ வரை இருக்கும். ஆண் எல்க் சராசரியாக 315 கிலோ, பெண் 225 கிலோ. நம் ஊர்க் காடுகளில் கடமானைப் பார்த்தவர்கள், அதில் நன்றாக வளர்ந்த கலையைவிடவும் பெரிய ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளலாம். மானின் விலாவுக்குள் எந்த வேட்டைக் குண்டும் போய்விடும். எல்க்கில் முன்சப்பை எலும்பு கனமானது, தோல் தடிமன், மார்புக்கூடு அகலம், அதனால் குண்டு விரிந்த பிறகும் உடையாமல் நெடுந்தூரம் உள்ளே போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே ரைஃபிள் என்றால் எல்க்கை வைத்துத்தான் குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்க்கை வீழ்த்தும் குண்டு மானையும் வீழ்த்தும்.

தோட்டா: ஐந்தில் ஒன்று

சந்தையில் நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் உண்டு. புதியவர் பார்க்க வேண்டியவை ஐந்துதான்: 6.5 க்ரீட்மோர், 7எம்எம்-08 ரெமிங்டன், .308 வின்செஸ்டர், .270 வின்செஸ்டர், .30-06. இதில் .30-06 வந்தது 1906இல், .270 வந்தது 1925இல், இரண்டும் நூறு வருடமாக எல்க் வீழ்த்துகின்றன.

என் தேர்வு 7எம்எம்-08. 1980இல் ரெமிங்டன் கொண்டுவந்தது, .308இன் கூட்டை எடுத்து அதன் கழுத்தை 7 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏற்றபடி சுருக்கியது, அவ்வளவுதான். 140 கிரெய்ன் குண்டை விநாடிக்கு ஏறக்குறைய 2800 அடி வேகத்தில் அனுப்பும், நல்ல வடிவமுள்ள குண்டாக இருந்தால் 300 கெஜத்தில் இன்னும் 1500 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சமிருக்கும். இது போதுமா என்று கேட்பவர்கள் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பியை நினைத்துப் பாருங்கள். அது ஜெர்மானிய 7×57 மவுசர் தோட்டாவுக்கு இங்கிலாந்தில் வழங்கிய பெயர், 7எம்எம்-08 செய்வது ஏறக்குறைய அதே வேலை. ஸ்வீடனிலும் நார்வேயிலும் எல்க்கைவிடப் பெரிய மான் வகையான மூஸை 6.5×55 என்ற இன்னும் மெல்லிய தோட்டாவால் தலைமுறை தலைமுறையாகச் சுட்டு வருகிறார்கள்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. .308 எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும், ரைஃபிள் வகைகளும் அதற்குத்தான் அதிகம், மலையடிவாரத்தில் தோட்டாப் பெட்டியை மறந்துவிட்டு நிற்கும்போது இதன் அருமை தெரியும். 7எம்எம்-08இன் ஒரே குறை அதுதான், பருவம் நெருங்கும்போது அலமாரி காலியாகிவிடும், கோடையிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். 6.5 க்ரீட்மோர் இவற்றில் மென்மையானது, மெல்லிய உடல்வாகு உள்ளவருக்கும் உதைக்குப் புதியவருக்கும் இதையே கொடுப்பேன், எல்க்குக்கு மட்டும் உறுதியான குண்டும் 300 கெஜ வரம்பும் கட்டாயம். .270 கொஞ்சம் வேகமானது, பாதை தட்டையானது, உதை .308 அளவுக்கு வரும். .30-06 இந்த ஐவரில் பலசாலி, அதன் உதைதான் நான் புதியவருக்குச் சொல்லும் மேல்வரம்பு.

உதையை எண்ணில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் 6.5 க்ரீட்மோர் தோராயமாக 12 அடி-பவுண்டு உதைக்கும், 7எம்எம்-08 13 அல்லது 14, .308உம் .270உம் 17 பக்கம், .30-06 20. .300 வின்செஸ்டர் மேக்னம் 26ஐத் தாண்டிவிடும், அதாவது 7எம்எம்-08 போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலையேறச் சுகமாக இருக்கும் என்று ஆறு பவுண்டு ரைஃபிள் வாங்கினால் இந்த எண்கள் எல்லாம் இன்னும் மேலே போகும்.

உதை ஏன் இவ்வளவு முக்கியம்

ரேஞ்சில் இதை நீங்களே பார்க்கலாம். நண்பர் ஒருவரிடம் ரைஃபிளைக் கொடுத்து, நீங்கள் பார்க்காதபடி சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) சில தடவை உண்மைத் தோட்டாவும் சில தடவை மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவும் போடச் சொல்லுங்கள். உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் சுடுங்கள். பயிற்சித் தோட்டா இருக்கும்போது வெடிச்சத்தம் வராது, 'டிக்' என்ற ஓசை மட்டும்தான், அந்த நேரத்தில் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு இலக்கிலேயே நின்றால் நீங்கள் நன்றாகச் சுடுகிறீர்கள். உதையை எதிர்பார்த்திருந்தால் தோள் முன்னால் தள்ளும், குழல்முனை சட்டென்று கீழே இறங்கும், கண் மூடிக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவருக்கு அது அப்பட்டமாகத் தெரியும். 100 கெஜத்தில் அந்தச் சிறிய அசைவு குண்டை ஒரு சாணுக்கு மேல் தள்ளிவிடும். எல்க்கின் நுரையீரலுக்குப் போக வேண்டிய குண்டு குடலுக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான், குடலில் அடிபட்ட எல்க்கை .300 மேக்னமும் காப்பாற்றித் தராது.

குனிந்து சுடும் பெஞ்சில் உதை அதிகமாகத் தெரியும், நின்றோ உட்கார்ந்தோ சுட்டால் உடம்பு கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எனவே பெஞ்சில் ஒரே மூச்சில் இரண்டு பெட்டி சுடாதீர்கள், 15 தோட்டா ஆனதும் நிறுத்திவிட்டு, மீதிப் பயிற்சியை உதையே தெரியாத சிறிய .22 ரைஃபிளில் செய்யுங்கள். காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் மூடியும் இரண்டும் போடுங்கள், ஏனென்றால் பலர் பயப்படுவது உதைக்குக்கூட இல்லை, சத்தத்துக்கு.

குண்டு: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் ஒரு மூஸைச் சுட்டார். கையில் இருந்தது .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், பலத்தில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் சேறு காய்ந்து அப்பியிருந்த அந்த விலங்கின் மேல் குண்டுகள் மேலோட்டத்திலேயே உடைந்துபோயின. அவர் ஊருக்குத் திரும்பி, நடுவில் செம்புத் தடுப்பு வைத்து முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் உள்ளே போகவும் ஒரு குண்டு செய்தார். 1948இல் விற்பனைக்கு வந்த அந்த நாஸ்லர் பார்ட்டிஷன் இன்றும் விற்கிறது. பெரிய தோட்டாவும் மோசமான குண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கடையில் பார்க்கும் குண்டுகளை நாலு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, ஈயத்தின்மேல் மெல்லிய செம்பு உறை போட்ட சாதாரணக் குண்டு. ரெமிங்டன் கோர்-லாக்ட், ஃபெடரல் பவர்-ஷாக், வின்செஸ்டர் பவர்-பாயிண்ட், ஹார்னடி இன்டர்லாக் எல்லாம் இந்த வகை. மலிவு, மானுக்கு மிக நல்லது, பக்கவாட்டில் நிற்கும் எல்க்கின் விலாவுக்கும் சரிதான். முன்சப்பை எலும்பில் பட்டால் உறை ஒரு பக்கமும் ஈயம் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோகும் வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டவைத்த பாண்டட் குண்டு. நாஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் ஃப்யூஷன், ஸ்விஃப்ட் சிரோக்கோ இதில் வரும். மூன்றாவது மேலே சொன்ன பார்ட்டிஷன். நான்காவது ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு: பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ், ஃபெடரல் ட்ரோஃபி காப்பர்.

எல்க்கை உரிக்கும்போது குண்டு நுழைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் தோலுக்கு உட்புறம் கட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விலாவைத் தாண்டி வந்து தோலைக் கிழிக்க முடியாமல் அங்கே நின்ற குண்டு கையில் வரும். பாண்டட் குண்டு காளான் போல முன்பக்கம் அகன்று, அடிப்பகுதி முழுசாக இருக்கும், நிறுத்துப் பார்த்தால் எடையில் பெரும்பகுதி மிச்சமிருக்கும். பார்ட்டிஷன் மூன்றில் இரண்டு பங்கு எடையோடு நிற்கும், முன்பாதி தேய்ந்துபோய்ப் பின்பாதி உருளை அப்படியே இருக்கும். செம்புக் குண்டு நாலு இதழாக மடங்கி எடை கிட்டத்தட்ட குறையாமல் இருக்கும், அதுவும் கையில் கிடைப்பது அபூர்வம், பெரும்பாலும் மறுபக்கம் போய்விடும். சாதாரணக் குண்டென்றால் சில சமயம் வெற்று உறை மட்டும் சுருண்டு கிடக்கும். இதைக் கையில் வைத்துப் பார்த்தவருக்கு விளம்பரப் படம் எதுவும் தேவைப்படாது.

செம்புக்கு ஒரு கணக்கு உண்டு. செம்பு ஈயத்தைவிட லேசானது, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், விரிவதற்கு வேகமும் அதிகம் வேண்டும். எனவே ஒரு படி குறைந்த எடையை எடுத்து வேகமாக அனுப்ப வேண்டும்: 7எம்எம்-08இல் 140க்குப் பதில் 120 கிரெய்ன், .308இல் 165க்குப் பதில் 130 அல்லது 150. தூரத்தில் வேகம் விநாடிக்கு 2000 அடிக்குக் கீழே போனால் செம்பு ஒழுங்காக விரியும் என்று நம்ப வேண்டாம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத தோட்டாதான் சட்டம், அங்கே தேர்வுக்கே இடமில்லை. கொலராடோவில் அப்படி விதி இல்லை. ஆனால் ஈயக் குண்டு உடலுக்குள் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து தள்ளியும் இறைச்சியில் சிதறுகின்றன, எக்ஸ்-ரேயில் அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால் செம்பையே வாங்குங்கள். ஈயம்தான் என்றால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், அந்தக் கறியைக் கைமா பண்ணாதீர்கள்.

எடை விஷயத்தில் குழம்ப வேண்டாம். 6.5 க்ரீட்மோருக்கு 140 பக்கம், 7எம்எம்-08க்கு 140 அல்லது 150, .270க்கு 130 முதல் 150, .308க்கு 165, .30-06க்கு 165 அல்லது 180. இந்த எடைகளில் பாண்டட் அல்லது பார்ட்டிஷன் எடுத்தால் மானுக்கும் எல்க்குக்கும் ஒரே பெட்டி. தூரப் போட்டிக்காக வடிவமைத்த மெல்லிய உறைக் குண்டுகளை, பெட்டியின் மேல் எத்தனை அழகான எண்கள் அச்சிட்டிருந்தாலும், எல்க்குக்கு எடுக்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பொதுவாக 24 அங்குல பேரலில் அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள், 20 அங்குல பேரலில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 25 அடி வேகம் குறையும்.

வாங்கியபின்

பெட்டியைத் திறக்கும் முன் பேரலில் பொறித்திருக்கும் பெயரையும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ரேஞ்ச் மேசையில் ஒரு சமயத்தில் ஒரு வகைத் தோட்டா மட்டுமே இருக்கட்டும். .308, 7எம்எம்-08 இரண்டும் ஒரே கூட்டின் பிள்ளைகள், அவசரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தவறான தோட்டா ரைஃபிளை வெடிக்கவைக்கக்கூடும்.

இரண்டு மூன்று வகைக் குண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் ரைஃபிளுக்கு எது பிடிக்கிறதென்று பாருங்கள். 100 கெஜத்தில் மூன்று தோட்டாவும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் போதும், அதற்கு மேல் தேடுவது நேர விரயம். பிடித்தது கிடைத்ததும் அதே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) நாலைந்து பெட்டி சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஸ்கோப்பை 25 கெஜத்தில் சரிபார்த்து, பிறகு 200 கெஜத்தில் குறியும் குண்டும் ஒன்றாகும்படி பூட்டுங்கள். 7எம்எம்-08இல் 140 கிரெய்னுக்கு அப்படிச் செய்தால் 100 கெஜத்தில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே படும், 300இல் ஏழெட்டு அங்குலம் கீழே. 250 கெஜம்வரை மார்பின் நடுவில் குறிவைத்தாலே போதும். மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று 300 கெஜத்தில் குண்டை ஆறேழு அங்குலம் தள்ளும், மலையில் அந்தக் காற்று சாதாரணம்.

உங்கள் தூர வரம்பைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரணப் பேப்பர் தட்டு போதும், அது மானின் உயிர்நிலை அளவுதான் இருக்கும். மண்டியிட்டோ உட்கார்ந்தோ, குச்சியில் தாங்கியோ, கொஞ்சம் ஓடிவிட்டு மூச்சு வாங்க வந்து சுடுங்கள். ஐந்து தோட்டாவும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் வரம்பு. முதல் வருடம் அது 150 கெஜம் என்றால் 150தான், அதற்கு மேல் நிற்கும் எல்க்கை நெருங்குங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மலையில், விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவையுங்கள். சற்று விலகித் திரும்பி நின்றால் மறுபக்க முன்னங்காலை நோக்கிச் சுடுங்கள். உங்களை நேராகப் பார்த்து நிற்பதையும் பின்புறம் காட்டி நிற்பதையும் சுடாதீர்கள், அது திரும்பும்வரை காத்திருங்கள். தலை, கழுத்து வேண்டவே வேண்டாம். எல்க் நுரையீரலில் அடிபட்டாலும் பல சமயம் ஒன்றும் ஆகாததுபோல நிற்கும், அதைப் பார்த்துத் தவறிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே போல்ட்டை இழுத்து அடுத்ததை அனுப்புங்கள், விழும்வரை நிறுத்தாதீர்கள். உதை மிதமாக இருந்தால் ஸ்கோப்பிலிருந்து கண் விலகாது, இரண்டாவது குண்டு சில விநாடிகளில் போய்விடும்.

ஓடிவிட்டால், அது நின்ற இடத்தை ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளமாக வைத்து மனதில் குறித்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் இருங்கள். இரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பென்றால் ஈரல், இரண்டு மூன்று மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சையும் நாற்றமும் கலந்திருந்தால் குடல், அதற்கு ஆறு மணி நேரமாவது விட்டுவிட்டுத்தான் பின்தொடர வேண்டும், உடனே துரத்தினால் அது அடுத்த மலைக்கே போய்விடும்.

கடைசியாக ஒன்று. முகாமுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே, அனுமதியுள்ள பாதுகாப்பான இடத்தில் மூன்று தோட்டா செலவழித்து ஸ்கோப்பைச் சரிபாருங்கள். கரடுமுரடான காட்டுப் பாதையில் லாரியின் பின்பக்கம் உருண்டு வந்த ரைஃபிளும், விமானத்தில் பூட்டிய பெட்டியில் வந்த ரைஃபிளும் குறி மாறியிருக்கலாம்.